திறந்தால் அழியும் பெட்டி

பெட்டி காலி என்று ஒலிபெருக்கியில் அறிவித்தவன் யாரோ, அவன்தான் அதைக் காலி செய்தவன். இதை அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். கேட்பதற்குத்தான் பஸ்ராவில் ஆள் இல்லை.

எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள், என் அப்பா உட்பட, எல்லாரும் பந்தயப் புறா வளர்ப்பவர்கள். புறாக்காரன் சாட்சி நீதிமன்றத்தில் செல்லாது என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். உண்மையிலேயே சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சட்டத்துல எல்லாம் இல்லம்மா. ஆனா உங்க அப்பாவ மட்டும் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்க" என்றார். அடுத்த வீட்டுப் பறவை தன் மாடியில் இறங்கினால் அதைப் பிடித்துக்கொண்டு, முட்டையிலிருந்தே தன் கூட்டில் வளர்ந்தது என்று சத்தியம் செய்கிற கூட்டம் என்று எங்களுக்குப் பெயர். வெளியே இருப்பவர்கள் பேசினால் தொலையட்டும். சங்கத்துக்காரர்களே ஒருவரை ஒருவர் நம்புவதில்லை. அதனால்தான் மனிதர் வாயை விட்டுவிட்டுப் பெட்டியை நம்பத் தொடங்கினார்கள்.

கூட்டின் வாசலில் ஒரு தட்டு இருக்கும். பந்தயத்திலிருந்து திரும்பும் பறவை அதில் கால் வைத்ததும், காலில் மாட்டியிருக்கும் வளையத்தைப் பெட்டிக்குள் இருக்கிற சின்னப் போர்டு படித்து, வந்த நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை, மூடியில் போட்ட அரக்கு முத்திரை உடையாமல், சங்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கம்பி போட்டுக் கணினியோடு இணைத்தால், போர்டு தன் நினைவில் இருப்பதை ஒவ்வோர் எழுத்தாக வரிசையில் அனுப்பும். திரையில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை.

பெட்டிக்கு வெளியே இரண்டு வாய்கள் உண்டு. ஒன்றில் மூன்று ஊசிகள்: பெட்டி பேச ஒன்று, கேட்க ஒன்று, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தரைக்கு ஒன்று. அந்த மூன்று கம்பிகளால் கணினி பெட்டியோடு பேசலாம், கேட்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. இன்னொன்று யுஎஸ்பி வாய். அது போர்டுக்குள் நிரலை ஏற்றுவதற்காக வைத்தது. அந்த வழியாகக் கணினி இணைப்பைத் திறந்தாலே போதும், போர்டுக்கு ஒரு தட்டு விழும்: எழுந்திரு, முதலிலிருந்து ஆரம்பி. நிரல் எழுதுகிறவனுக்கு அது வசதி. நேரத்தை நினைவில் வைத்திருக்கும் பெட்டிக்கு அது சாவு. போர்டு எழுந்ததும் பழையதையெல்லாம் மறந்துவிடும். நடந்ததை ஒருவனிடம் கேட்பதற்கு முன் அவன் தலையில் தடியால் அடிப்பது போல.

நான் பஸ்ராவின் அஷார் கடைவீதியில் மருத்துவப் பரிசோதனைக் கருவிகளின் போர்டுகளைப் பழுது பார்க்கிறேன். நாள் முழுக்க எனக்கு இதுதான் வேலை. ரத்தம் சோதிக்கும் கருவி கணினியோடு பேசமாட்டேன் என்கிறது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். பாதிக்கு மேல் கருவியில் ஒன்றும் இருக்காது; கம்பியில் இருக்கும், வேகத்தில் இருக்கும், இல்லையென்றால் மூளையில் இருக்கும்.

சங்கத்தின் பழைய செயலாளர் மூன்று கம்பியைத்தான் பயன்படுத்துவார். அவர் மகனோடு நஜஃபுக்குக் குடிபோனதும் உஸ்தாத் என்று எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடும் ஸுஹைர் செயலாளர் ஆனான். கைபேசிக் கடை வைத்திருக்கிறான். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையிலும் ஒலிபெருக்கியில்தான் பேசுவான். வந்த கையோடு மூன்று கம்பியை மேசை இழுப்பறைக்குள் எறிந்துவிட்டு, பளபளப்பான நீல யுஎஸ்பி கம்பி ஒன்றை வாங்கி வைத்தான். நான் போய்ச் சொன்னேன். நாலு பேர் முன்னால் வைத்துத்தான் சொன்னேன்.

"உஸ்தாத், அந்த நீலக் கம்பியில திறந்தா பெட்டி எல்லாத்தையும் மறந்துடும். பழைய கம்பியவே வச்சுக்குங்க. இல்லேன்னா ஒவ்வொரு பெட்டியிலயும் மறுதொடக்க ஊசிக்கும் தரைக்கும் நடுவுல ஒரு சின்ன கெப்பாசிட்டர் போட்டுத் தர்றேன், அந்தத் தட்ட அது வாங்கிக்கும், ஒரு டீ காசு கூட ஆகாது. அதுவும் வேணாம்னா, வந்த நேரத்த உடனே நிரந்தர நினைவுல எழுதற மாதிரி நிரல மாத்திடலாம். கரண்ட் போனாலும் போகாது."

"நிப்ராஸ், நீ ஆஸ்பத்திரி மெஷினப் பாரு, புறாவ நாங்க பாத்துக்கறோம்."

"புறாவ நீங்க பாருங்க. நான் கம்பியப் பத்திப் பேசறேன்."

"அபூ முஹன்னத், உங்க பொண்ணுக்கு நாக்கு மட்டும் கரண்ட்டுல ஓடுது போல" என்று அவன் என் அப்பாவைப் பார்த்துச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வழி சொன்னேன், ஒன்றைக்கூட அவன் செய்யவில்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் பந்தயம், மேற்கே பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸமாவாவிலிருந்து. விடியற்காலையில் பறவைகளை அங்கே திறந்துவிட்டார்கள். அப்பா காலைச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் மாடியில் நின்றார். வெயில் ஏறுவதற்குள் எங்கள் நஜ்மா வந்துவிட்டது. சுற்றவில்லை, பக்கத்து மாடியில் உட்கார்ந்து பார்க்கவில்லை, நேராகத் தட்டில் இறங்கியது. பெட்டி கீச்சென்று ஒலித்ததை நானும் கேட்டேன். என் தம்பி முஹன்னத் அப்பாவைக் கட்டிக்கொண்டு குதித்தான். அப்பா உடனே சங்கத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்.

எங்கள் வழக்கம் இது: தன் பறவை வந்துவிட்டதாக முதலில் யார் சொல்கிறாரோ, அவர் பெட்டியைத்தான் எல்லார் முன்னாலும் முதலில் திறந்து பார்ப்பார்கள். அதனால் அன்று மாலை முதல் பெட்டி எங்களுடையது. அடுத்தது ஹாஜி குதைரின் பெட்டி. அவர் வீடு எங்கள் ஊருக்கு மேற்கே, ஸுபைர் சாலையில் இருக்கிறது. அப்பாவும் அவரும் இளவயதிலிருந்தே போட்டிக்காரர்கள். ஒருவர் வீட்டுத் தேநீரை மற்றவர் குடிப்பார், ஒருவர் பறவையை மற்றவர் பழிப்பார்.

அப்பா பெட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஸுஹைர் அரக்கு முத்திரையை எல்லாருக்கும் காட்டினான். எனக்கு உட்கார இடம் இல்லை, கதவோரம் நின்றேன். அவன் கையில் நீலக் கம்பியைப் பார்த்ததும் கத்தினேன்.

"அது வேணாம் உஸ்தாத், பழைய கம்பி..."

"உட்காரும்மா, உட்காரு" என்று நாலு பக்கமும் குரல். ஒருவர் என்னை மறைத்துக்கொண்டு எழுந்தே நின்றார். நான் அவரைச் சுற்றி வருவதற்குள் அவன் கம்பியைச் செருகி இணைப்பைத் திறந்துவிட்டான். திரையில் இரண்டு வரிகள் வந்தன. பெட்டி தயார். பதிவுகள்: பூஜ்யம்.

"காலி" என்று ஸுஹைர் ஒலிபெருக்கியில் சொன்னான். "பெட்டி வேலை செய்யுது. முத்திரையும் உடையல. ஆனா எந்தப் பறவையும் வரல."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "வந்துச்சே" என்றார். "என் கண்ணால பாத்தேன்."

அறை முழுக்கச் சிரிப்பு. புறாக்காரன் கண்ணால் பார்த்தானாம்.

"வராத பறவைய வந்துச்சுன்னு போன் பண்ணி, முதல் எடத்தப் பிடிக்கப் பாத்திருக்கீங்க" என்றான் ஸுஹைர். "இதுக்குப் பேரு திருட்டு, அபூ முஹன்னத். திருடனுக்குச் சங்கத்துல எடம் கெடையாது. உங்க பேர எடுத்துடறோம்."

திருடன். அதை ஒலிபெருக்கியில் சொன்னான். தெருவில் ஃபலாஃபில் பொரிப்பவனுக்கும் கேட்டிருக்கும். சங்கத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டால் பந்தயம் போகும், அது பெரிதில்லை. அப்பாவின் குஞ்சுகளை யாரும் வாங்க மாட்டார்கள், மாடியிலிருந்து மாடிக்குச் சலாம் சொல்ல மாட்டார்கள், அவர் கூட்டில் எது பறந்தாலும் யாருடையதோ என்பார்கள். சத்தியம் செய்யாத புறாக்காரர் என்று பெயர் எடுத்தவர் என் அப்பா. இறங்கிய பறவையை உரியவர் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார். அந்தப் பெயர் ஒரு நீலக் கம்பியில் போனது.

"அந்த முதல் வரியப் படிங்க" என்றேன். "பெட்டி தயார்னு இருக்கு. அது போர்டு எழுந்திருக்கும்போது மட்டும்தான் வரும். காலையிலயே எழுந்த பெட்டி இப்ப எதுக்கு மறுபடி தயார்னு சொல்லுது? நீங்க திறந்ததால எழுந்துச்சு. எழுந்ததால மறந்துச்சு."

"பெட்டிக்குள்ள நான் கைய வைக்கவே இல்ல, திரையத்தான் பாத்தேன். பாத்தா அழியுமா?" என்றான் ஸுஹைர். "நான் உன்னப் பாக்கறேனே, நீ அழிஞ்சுட்டியா?"

மறுபடி சிரிப்பு. விளக்கிச் சொல்வதற்கு ஒருவனாவது வாயை மூட வேண்டும், ஒருவனும் மூடவில்லை. ஹாஜி குதைர் மட்டும் சிரிக்கவில்லை. தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது ஹாஜி" என்று சொல்லிவிட்டு ஸுஹைர் அதே நீலக் கம்பியைப் பிடுங்கி, ஹாஜியின் பெட்டியை இழுத்தான்.

முஹன்னத் என் காதருகே வந்தான். "அக்கா, பேசாம இரு. செருகட்டும். ஹாஜியோடதும் அழியட்டும். அதுக்கப்பறம் யாரு திருடன்னு கேப்போம்."

அவன் சொன்னது சரிதான். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அப்பா தப்பித்துவிடுவார். எல்லார் பெட்டியும் வரிசையாக அழிந்து, அந்த ஸுஹைர் ஒலிபெருக்கியும் கையுமாக விழிப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. மறைக்கவில்லை, மிகவும் ஆசையாக இருந்தது. ஆனால் ஹாஜியின் பறவையும் பாலைவனத்தைத் தாண்டிப் பறந்துதானே வந்தது. அது வந்த நேரம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, ஒரு மடையன் விரல் பட்டால் போய்விடும், அது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் சும்மா நின்றால், அழித்தது அவன் இல்லை, நான்.

மேசைக்குப் போய்க் கம்பியை அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"என்னம்மா இது அடாவடி" என்று யாரோ எழுந்தார்கள்.

"அடாவடிதான். ஹாஜி, உங்க பறவ வந்த நேரம் வேணுமா வேணாமா?"

ஹாஜி நிமிர்ந்தார். "வேணும்" என்றார்.

"அப்ப இழுப்பறையில இருக்கற பழைய கம்பிய எடுக்கச் சொல்லுங்க."

ஹாஜி சொன்னால் சங்கத்தில் மறுப்பு இல்லை. ஸுஹைர் முணுமுணுத்துக்கொண்டே அதை எடுத்து, கறுப்பும் வெள்ளையும் பச்சையுமாக மூன்றையும் தானே செருகினான். என்னைத் தொட விடவில்லை. திரையில் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராத ஆத்திரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கினான்.

"பாத்தீங்களா, செத்துப்போன கம்பி."

"கம்பி சாகல. பேசற ஊசிய பேசற ஊசியோடயே மாட்டிருக்கீங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தா யாரு கேக்கறது? இந்தச் சங்கம் மாதிரி. வெள்ளையையும் பச்சையையும் மாத்துங்க. கறுப்பு தரை, அத அசைக்காதீங்க."

மாற்றினான். இப்போது திரை நிறையக் கோடும் கட்டமும் கேள்விக்குறியும் கொட்டியது. பின்னாலிருந்த கிழவர் ஒருவர், "இதென்னப்பா, ஜின்னு எழுதற கடுதாசி மாதிரி இருக்கு" என்றார்.

"வேகத்த மாத்திட்டீங்க" என்றேன். "கண்டதையும் அமுக்கினப்ப மாறிருக்கு. பெட்டி ஒரு வேகத்துல பேசுது, கணினி வேற வேகத்துல கேக்குது. பெட்டி மேலயே எழுதி ஒட்டிருக்கே, ஒன்பதாயிரத்து அறுநூறுன்னு. அத வைங்க."

வைத்தான். அடுத்த நொடியே திரை தெளிந்தது. ஹாஜியின் பறவையின் வளைய எண், வந்த நேரம், கீழே பதிவுகள்: ஒன்று. அறை ஆரவாரித்தது. சுவரில் இருந்த பலகையில் முதல் இடத்தில் ஹாஜியின் பெயரை எழுதினார்கள். அது எங்கள் நஜ்மா வந்ததற்கு வெகு பிந்தைய நேரம். எங்கள் வீட்டில் அப்போது இரண்டாவது தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

ஸுஹைர் ஒலிபெருக்கியை எடுத்தான். "பாத்தீங்களா, பறவ வந்தா பெட்டி சொல்லுது. வராட்டி சொல்லாது."

என் தம்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அவ்வளவு நேரம் சொல்லிக்கொடுத்து, அப்பாவின் கழுத்துக்கான கயிற்றை நானே திரித்துக் கொடுத்தது போல நின்றேன்.

"நேரத்த எழுதியாச்சுல்ல?" என்றேன். "இனிமே அந்தப் பெட்டியில ஒண்ணும் நஷ்டம் இல்ல. இப்ப நீலக் கம்பிய மாட்டுங்க. அதே பெட்டியில. எல்லாரும் பாக்கட்டும்."

"எதுக்கு? முதல் எடம் முடிஞ்சு போச்சு. மத்த பெட்டிங்கள நாளைக்குப் பாத்துக்கலாம். கூட்டம் கலையலாம்."

"நீங்க பயப்படறீங்க."

"எனக்கு என்னம்மா பயம்? வேலை செய்யறத எதுக்குக் கிளறணும்?"

நாற்காலிகள் நகர ஆரம்பித்துவிட்டன. அப்பா எங்கள் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார், முடிச்சு அவருக்கு வரவில்லை. அப்போது ஹாஜி குதைர் எழுந்து வந்தார். யாரையும் கேட்கவில்லை. மூன்று கம்பியையும் கழற்றினார், நீலக் கம்பியைத் தன் பெட்டியில் செருகினார், ஸுஹைரின் கையைப் பிடித்துக் கணினி மேல் வைத்தார்.

"திற" என்றார்.

திறந்தான். பெட்டி தயார். பதிவுகள்: பூஜ்யம்.

எழுந்தவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சற்று முன் ஹாஜியின் நேரம் இருந்த இடத்தில் பூஜ்யம் நின்றது, பலகையில் அந்த நேரம் எழுதியபடி இருந்தது. ஸுஹைர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, "பெட்டியில ஏதோ கோளாறு போல" என்று வாய்க்குள் சொன்னான்.

"கேக்கல" என்றேன். "திருடன்னு மைக்குல சொன்னீங்க. இதையும் மைக்குல சொல்லுங்க. பெட்டியில கோளாறுன்னு சொல்லாதீங்க, நீங்க திறந்த விதத்துல கோளாறுன்னு சொல்லுங்க."

முதலில் தலையை ஆட்டி மறுத்தான். பிறகு முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெட்டியை மடியோடு இறுக்கிக்கொண்டு அவனையே பார்க்க ஆரம்பித்தார்கள். அபூ முஹன்னத் திருடன் இல்லை, சங்கத்தில் அவர் பெயர் இருக்கும், தான் திறந்த விதம் தவறு என்று ஒலிபெருக்கியில் சொன்னான். நான் கேட்டபடி சத்தமாக இல்லை, இருந்தாலும் சொன்னான். நஜ்மா வந்த நேரம் எங்கேயும் பதிவில் இல்லாததால் முதல் இடம் ஹாஜிக்குத்தான் என்றும் சேர்த்துச் சொன்னான். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஹாஜியும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ஹாஜி பின்னாலேயே வந்து அப்பாவின் தோளில் கை போட்டார்.

"மனசுல வச்சுக்காத அபூ முஹன்னத். உன் நஜ்மா என் மாடிக்கு மேல போனத நானே பாத்தேன். என்னோடது வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. என்னமா பறந்துச்சு தெரியுமா. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா, மஸ்கூஃப் சுடறேன், நல்ல மீனா வாங்கறேன்."

அப்பா நின்றுவிட்டார். "பாத்தியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "பாத்தீங்களா, ஹாஜி? அப்ப அங்க ஏன் சொல்லல?"

"சொன்னா யாரும்மா நம்புவா? நம்மளும் புறாக்காரன்தானே. நம்ம சாட்சிக்கு என்ன மதிப்பு."

"திருடன்னு சொன்னவனும் புறாக்காரன்தான். அத எல்லாரும் நம்பினாங்களே."

அவர் மணிமாலையைத் தேடினார், அது கையிலேயே இருந்தது. "கடைசியில நான்தானே கம்பிய மாட்டிக் காட்டினேன்" என்றார்.

"உங்க நேரத்தப் பலகையில எழுதினதுக்கு அப்பறம்."

அப்பா என் கையைப் பிடித்து, "போதும்மா, பெரியவரு" என்றார். எனக்குப் போதவில்லை.

"பெட்டிய ஒருத்தன் தட்டினான், அதனால அது மறந்துச்சு ஹாஜி" என்றேன். "உங்கள யாரும் தட்டல."

வெள்ளிக்கிழமை மஸ்கூஃபுக்கு நாங்கள் யாரும் போகவில்லை.